உங்கள் மருந்துப் பையில் என்ன இருக்கிறது?

சென்ற கோடையில் எங்கள் மருந்தகச் சாளரத்தின் முன் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்டவரின் இசைவுடன்தான் எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிட்டோம். அவர் பேருந்து நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாக நமது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு வந்து செல்கிறார். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு நெடுநாளாக 2.1 என்ற அளவிலேயே நின்றிருந்தது. அன்று வந்த ஆய்வறிக்கையில் அது 3.2 ஆக உயர்ந்திருந்தது.

மருத்துவர் காரணம் தேடினார். காய்ச்சல் வந்ததா, வயிற்றுப்போக்கு இருந்ததா, சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா எனக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதிலே வந்தது. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டதற்கும், "நீங்கள் கொடுத்ததைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை ஐயா" என்று உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

மருந்து வாங்க எங்களிடம் வந்தபோது, உடன் வந்த மகள் ஒரு மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். பழைய அட்டைகளில் மீதமிருப்பதைக் கழித்துக்கொண்டு புதியவற்றைத் தருமாறு கேட்டார். பையைக் கவிழ்த்தோம். நாங்கள் வழங்கிய ஏழு மருந்துகளும் இருந்தன. அவற்றுக்கிடையில், பாதிக்கு மேல் காலியாகியிருந்த ஓர் அட்டை கிடந்தது. அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால் இரண்டும் சேர்ந்த வலி மாத்திரை அது.

"இது யாருடையது?" என்று கேட்டோம்.

"என்னுடையதுதான். முழங்கால் வலிக்குத் தெருமுனைக் கடையில் வாங்கியது. அது மூட்டுக்குத்தானே அம்மா, சிறுநீரகத்துக்கு இல்லையே" என்றார்.

இரண்டு மாதங்களாக நாள்தோறும் இரண்டு மாத்திரை. அவரைப் பொறுத்தவரை, சிறுநீரக மருத்துவர் கேட்ட கேள்வி சிறுநீரகத்துக்கான மாத்திரைகளைப் பற்றியது. முழங்காலைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை. எங்கள் கேள்வியும் அவர் புரிந்துகொண்ட கேள்வியும் வேறு வேறாக இருந்தன. அந்தப் பை மட்டும் வெளியே வராமல் இருந்திருந்தால், அந்த உயர்வை நோயின் இயல்பான முற்றல் என்றே நாம் கருதியிருக்கக்கூடும். டயாலிசிஸ் குறித்த பேச்சும் அன்றே தொடங்கியிருக்கும்.

அன்று முதல் சிறுநீரகப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: வீட்டில் இருக்கும் மருந்துகள் அனைத்தையும், எதையும் பொறுக்கி விலக்காமல், ஒரு பையிலிட்டுக் கொண்டுவாருங்கள்.

வாய்க்காலும் மடையும்

வலி மாத்திரை சிறுநீரகத்தை எவ்வாறு தாக்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். "சாப்பிடக் கூடாது" என்று மட்டும் சொன்னால், வலி பொறுக்க முடியாத இரவில் அந்தச் சொல் நினைவில் நிற்பதில்லை.

சிறுநீரகத்தில் இலட்சக்கணக்கான நுண் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. வயலுக்கு நீர் வரும் வாய்க்காலையும் வெளியேறும் மடையையும் போல இவற்றைக் கருதலாம். இவ்விரண்டின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் வடிகட்டியின் உள்ளே வேண்டிய அழுத்தத்தைச் சிறுநீரகம் காத்துக்கொள்கிறது. வரும் வழியைத் திறந்து வைக்கும் பொருளை உடலே சுரக்கிறது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்தச் சுரப்பைத் தடுத்துவிடுகின்றன. வாய்க்கால் குறுகிவிடுகிறது.

நடத்துநர் ஐயாவுக்கு இரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்ட்டான் வழங்கப்பட்டிருந்தது. வெளியேறும் மடையைச் சற்றே தளர்த்தி, வடிகட்டியின் மேல் உள்ள சுமையைக் குறைக்கும் நல்ல மருந்து அது. கால் வீக்கத்துக்காக ஃபுரோசிமைடு என்னும் நீர் பிரிக்கும் மாத்திரையும் உண்டு. அது உடலில் உள்ள நீரையே குறைப்பது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அவருக்கு வேண்டியவை. மூன்றாவதாக வலி மாத்திரை சேர்ந்ததும், வரும் நீர் குறைந்து, வாய்க்கால் குறுகி, மடையும் திறந்து கிடக்கும் நிலை ஏற்பட்டது. வடிகட்டியில் அழுத்தமே இல்லை. கோடை வெயில் எஞ்சியிருந்ததையும் வற்ற வைத்தது.

முதுகுவலிக்குப் போடும் ஊசியிலும், மாதவிடாய் வலிக்கு வாங்கும் மாத்திரையிலும், பல் பிடுங்கிய பின் தரும் சீட்டிலும் இவ்வகை மருந்து இருக்கக்கூடும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவரானாலும் எலும்பு மருத்துவரானாலும், "எனக்குச் சிறுநீரக நோய் உண்டு" என்பதை முதல் சொல்லாகச் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாக இடரற்றது. எனினும் எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கேட்டே எடுத்துக்கொள்ள வேண்டும். "பாராசிட்டமால்தான்" என்று கடையில் சொல்லித் தரும் அட்டையையும் திருப்பிப் பார்த்து, அதனுடன் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கிறதா எனப் படித்துக்கொள்ளுங்கள். நடத்துநர் ஐயாவுக்கு நேர்ந்தது அதுதான்.

எங்கள் கையெழுத்தில் இருந்த பிழை

பிறர் பிழையை மட்டும் எழுதுவது முறையன்று. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓர் அம்மையாருக்கு இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு 7-க்கு மேல் இருந்தது. நலமாக உள்ளவர்களுக்கு அது 4.5-ஐத் தாண்டுவதில்லை. இரவெல்லாம் உடல் அரித்தது. கைகளில் சொறிந்த தழும்புகள். மாத்திரைகளை ஒருவேளையும் தவறவிடவில்லை என்றார் அவர் கணவர். அட்டைகளை எண்ணிப் பார்த்தோம். கணக்குச் சரியாகவே இருந்தது.

பிழை எங்கள் உறையில் இருந்தது. செவலமர் மாத்திரை உறையின் மேல், மற்ற மாத்திரைகளுக்கு எழுதுவது போலவே, "சாப்பிட்ட பின்" என்று எழுதித் தந்திருந்தோம். அவரோ சொன்னபடி நடப்பவர். சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்து, அரைமணி நேரம் கழித்து, ஒரு குவளைத் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கியிருக்கிறார்.

பாஸ்பரசைப் பிடித்துவைக்கும் இம்மாத்திரைகள் இரத்தத்தில் கலந்து வேலை செய்பவை அல்ல. குடலில் உணவோடு கலந்து, உணவிலுள்ள பாஸ்பரசைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுபவை. உணவு கடந்து போன பிறகு வரும் மாத்திரைக்குப் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிட்டேட் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். முதல் சில கவளங்களுக்குப் பின், உணவின் நடுவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை உணவைத் தவிர்த்தால், அந்த வேளை இம்மாத்திரையும் வேண்டியதில்லை. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு மதியம் மீனோ முட்டையோ சேர்த்து உண்பவர்கள், எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம். செவலமரை மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். லாந்தனம் மாத்திரையை நன்கு மென்று விழுங்க வேண்டும்.

அவர் குடித்த அந்தக் குவளைத் தண்ணீரும் வீணாகப் போனதே. நாளொன்றுக்கு இவ்வளவுதான் நீர் என்று அளந்து வாழ்பவருக்கு, மூன்று வேளையும் மாத்திரைக்கென்றே தனியாகக் குடித்த நீர் எவ்வளவு! இப்போது அவர் உணவோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறார். இரண்டு மாதங்களில் பாஸ்பரஸ் 6-க்குக் கீழே வந்தது. அரிப்பும் பெருமளவு அடங்கியது. நாங்களும் உறைகளை மாற்றி அச்சிட்டோம். இவ்வகை மாத்திரைகளின் உறையில் இப்போது "சாப்பாட்டின் நடுவே" என்று பெரிய எழுத்தில் இருக்கும். உங்களிடம் பழைய உறை இருந்தால், அருள்கூர்ந்து அதைக் கிழித்தெறியுங்கள்.

கால்சியம் மாத்திரை பாஸ்பரசை மட்டும் பிடிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும், தைராய்டு மாத்திரையையும், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க் கொல்லிகளையும் அது பற்றிக்கொள்ளும். தைராய்டு மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டு, கால்சியத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காலை உணவுடனும் கால்சியம் உண்டு என்றால், நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று எங்களிடம் கேளுங்கள்.

சர்க்கரை குறைவது நற்செய்தியா?

நீரிழிவினால் சிறுநீரகம் பழுதுற்றவர்களில் சிலர், ஒரு கட்டத்தில் முகமலர்ச்சியோடு வருவார்கள். "இப்போதெல்லாம் சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டது, உணவில் கூட முன்போலக் கட்டுப்பாடு வைப்பதில்லை" என்பார்கள். அந்த மகிழ்ச்சியைக் கலைப்பது எங்களுக்கு உவப்பான வேலை அன்று. ஆனால் கலைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உடலில் உள்ள இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சிறுநீரகம் தளரும்போது, போட்டுக்கொண்ட இன்சுலின் நெடுநேரம் உடலில் தங்குகிறது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அவ்வாறே தங்கிவிடுகின்றன. நேற்று வரை சரியாக இருந்த அளவு இன்று மிகையாகிவிடுகிறது. சர்க்கரை தாழ்வதற்கு நோய் குணமானது காரணமாக இராமல், சிறுநீரகத்தின் வேலை மேலும் குறைந்ததே காரணமாக இருக்கலாம். அதிகாலையில் வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், காரணமற்ற சினம், பேச்சுக் குழறல் ஆகியவற்றைக் கண்டால், உடன் இருப்போர் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். தாழ்ந்திருந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். பழச்சாறும் இளநீரும் வேண்டா. அவற்றிலுள்ள பொட்டாசியம் வேறொரு தொல்லையை வரவழைக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். மறுநாள், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு, சிறுநீரகச் செயல்திறன் 30-க்குக் கீழே இறங்கினால் அம்மருந்தை மருத்துவர் நிறுத்திவிடுவார். பழைய சீட்டைக் காட்டி வெளிக்கடையில் அதையே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

இதற்கு நேர்மாறானது இரத்த அழுத்த மாத்திரை. "அழுத்தம் சரியாகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பவர்களிடம் நாங்கள் ஒன்றே கேட்கிறோம்: சரியாக வைத்திருந்தது எது? ஆயினும் சில நாள்களில் நிறுத்திவைக்க வேண்டிய தேவையும் வரும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் அருந்த இயலாத காய்ச்சல் ஆகியவற்றின்போது டெல்மிசார்ட்டான், நீர் பிரிக்கும் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் முதலியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அன்றே தொலைபேசியில் கேளுங்கள். அடுத்த முறை வரும் வரை காத்திருக்க வேண்டா. நோன்பும் விரதமும் இருப்பவர்கள் அதற்கு முன்னரே எங்களிடம் வந்தால், எது இயலும் எது இயலாது என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

பையில் வராதவை

மருந்து என்று கருதப்படாததால் பையில் வராதவையும் உண்டு. சமையலறையில் உள்ள "சோடியம் குறைந்த உப்பு" அவற்றுள் ஒன்று. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று அன்போடு மருமகள் வாங்கி வைத்த உப்பினால் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறிய நிலையில் வந்தவரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று மூலிகை. நாங்கள் சித்த மருத்துவத்தைக் குறைகூற வரவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவரே, இது சிறுநீரக நோயருக்கு ஆகாது என்று மறுக்கும் மூலிகைகள் உண்டு. எங்கள் அச்சமெல்லாம், உறவினர் சொன்னதைக் கேட்டுப் பெயர் தெரியாத பொடியை வாங்கிச் சாப்பிடுவது பற்றியதே. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்சில், உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த மற்றொன்று மாறிக் கலந்ததே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்துச் செடிகள் நம் ஊரிலும் உள்ளன. ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அவ்வினமே. கசாயமோ பொடியோ, அதையும் பையில் போடுங்கள். உங்களைக் கடிந்துகொள்ளமாட்டோம்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு நாங்கள் தனியே நீண்ட நேரம் ஒதுக்குவதால், இங்கே சுருக்கமாகவே சொல்கிறோம். டாக்ரோலிமஸ் மாத்திரையில் பன்னிரண்டு மணி நேர இடைவெளியைக் காப்பாற்றுங்கள். இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரையை உண்ணாமல் வந்து, இரத்தம் கொடுத்த பிறகே உண்ணுங்கள். பயணத்தில் அதைப் பேருந்தின் மேலே போடும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். பம்பளிமாசு வேண்டா. மருத்துவருக்குத் தெரியாமல் நிறுவனத்தை மாற்றி வாங்குவதும் வேண்டா.

சொல்லத் தயங்குவது

பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை என்றே நாங்களும் முன்பு எண்ணியிருந்தோம். ஒரு மாலைப் பொழுதில் அந்த எண்ணம் மாறியது. டயாலிசிசுக்கு வரும் ஒருவருக்கு இரத்த அணுக்கள் பெருகுவதற்கான எரித்ரோபொய்ட்டின் ஊசி எழுதப்பட்டிருந்தது. ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. ஊசியை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள், குளிர்பதனப் பெட்டி உண்டா, உறைபெட்டிக்குள் வைத்துவிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனோம். அம்மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், வெயிலில் காய்ந்தாலும் கெடும். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். மகன் மருந்துச் சீட்டைக் கொடுக்க அப்பால் சென்றதும், தாழ்ந்த குரலில் சொன்னார்: "வாரம் இரண்டு ஊசிக்குப் பதில் ஒன்றுதான் போட்டுக்கொள்கிறேன். பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பையனிடம் சொல்லிவிடாதீர்கள்."

நாங்கள் அவர் மகனிடம் சொல்லவில்லை. அவர் இசைவோடு மருத்துவரிடம் சொன்னோம். காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளர் பார்த்தார். விலை குறைந்த மாற்று இருந்த இரண்டு மாத்திரைகளை மக்கள் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள எழுதிக் கொடுத்தோம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே பெற வழி செய்தோம். அப்படி மிச்சமான பணத்தில் இரண்டாவது ஊசியும் வந்தது. அவர் முன்பே கேட்டிருந்தால் முன்பே செய்திருப்போம் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் நாங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதே சரி. 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள், நோயருக்கு ஆலோசனை கூறுவதையும் மருந்தாளுநரின் பணியாகவே வகுத்துள்ளன. அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. (கத்தரிப்பது பற்றிய ஒரு குறிப்பு: மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கடைசியாகப் பயன்படுத்துங்கள். "வெள்ளை மாத்திரை" என்ற அடையாளம் எங்களுக்கு எவ்வகையிலும் உதவாது. எங்கள் அடுக்கில் வெள்ளை மாத்திரைகள்தாம் மிகுதி.)

இப்போது நாங்கள் "புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அதற்கு எல்லோரும் "புரிந்தது" என்றே சொல்கிறார்கள். மாறாக, "நாளைக் காலை எழுந்தது முதல் எதை எப்போது சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்கிறோம். சிலருக்கு இது தேர்வு போலத் தோன்றுகிறது. உண்மையில் தேர்வு எங்களுக்குத்தான். நீங்கள் சொல்வதில் பிழை இருந்தால், நாங்கள் விளக்கியதில் குறை இருக்கிறது. மாத்திரைகளை எடுத்துத் தருபவர் மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் அவரும் அருகில் அமரட்டும். வீட்டில் மருந்துப் பெட்டியின் திறவுகோல் அவரிடம்தான் இருக்கிறது.

நடத்துநர் ஐயாவின் கிரியேட்டினின் வலி மாத்திரையை நிறுத்திய ஆறு வாரங்களில் 2.4-க்கு இறங்கியது. பழைய 2.1-க்கு அது திரும்பவில்லை. ஆயினும் அதன் பின் ஏறவும் இல்லை. முழங்காலுக்கு உடலியக்கப் பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும் சொல்லப்பட்டன. சென்ற மாதம் வந்தபோது மஞ்சள் பையை அவரே மேசைமேல் கவிழ்த்தார். ஏழு அட்டைகளோடு ஒரு சிறு தைலப் புட்டியும் உருண்டு வந்தது. "இதைத் தடவலாமா, கூடாதா? இன்னும் திறக்கவில்லை" என்றார். மூடியில் ஒட்டியிருந்த தாள் கிழியாமல் இருந்தது. புட்டியை வாங்கி, சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினோம்.